பாடியை மாற்றுவதா, லென்ஸ் வாங்குவதா? கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது, அதைப் புது கேமரா பாடியில் (லென்ஸ் நீங்கலான கேமராவில்) போடுவதா, லென்ஸில் போடுவதா? என்ன கருவி வைத்திருக்கிறீர்கள், என்ன படம் எடுக்கிறீர்கள் என்பதைத் தெளிவாக எழுதியிருந்தவர்களின் கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி (தஞ்சாவூர்): அண்ணா, கேனன் 1500டி வைத்திருக்கிறேன். கூட வந்த 18-55, 55-250 இரண்டு லென்ஸும் இருக்கின்றன. வீட்டு விசேஷங்களில் குழந்தைகளை எடுத்தால் படம் கலங்கிப்போய், புள்ளி புள்ளியாக வருகிறது. கையில் 40,000 ரூபாய் இருக்கிறது. மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத புது வகை கேமரா) வாங்கிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம் தம்பி. முதலில், சரியாக வராத படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டு 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். குழந்தையின் கண் மங்கலாக இருந்து, பின்னால் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் சேலைக் கரை துல்லியமாகத் தெரிந்தால் ஃபோகஸ் தப்பியிருக்கிறது. சுவர், ஜன்னல், ஆட்கள் என்று எல்லாமே ஒரே பக்கமாக இழுத்த மாதிரி இருந்தால் உங்கள் கை ஆடியிருக்கிறது. சுவர் தெளிவாக இருந்து, குழந்தையின் கை கால் மட்டும் இழுபட்டிருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. எதுவென்று தெரியாமல் பணத்தை எடுத்து வெளியே வைக்காதீர்கள்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் மூன்றாவது வகையாகத்தான் தெரிகிறது. கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸை 55 எம்எம்முக்கு ஜூம் செய்தால் அதிகபட்சம் எஃப்/5.6 வரைதான் திறக்கும் (இந்த எண் சிறிதானால் திறப்பு பெரிது). 50 எம்எம் எஃப்/1.8 லென்ஸ் அதைவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். இன்றைக்கு ஐஎஸ்ஓ (கேமராவின் உணர்திறன், கூட்டினால் புள்ளியும் கூடும்) 6400-இல் எடுக்கிற படத்தை, அதே ஷட்டர் வேகத்தில் 640-இல் எடுக்கலாம். பாடியை மட்டும் மாற்றிவிட்டு அதே மாதிரி ஒரு கிட் லென்ஸைப் போட்டுக்கொண்டால் இந்த அளவு வித்தியாசம் ஒருநாளும் கிடைக்காது.

ஒரு விஷயம். உங்கள் கேமராவில் படத்தைப் பதியும் சென்சார் சிறியது என்பதால் 50 எம்எம் லென்ஸ் 80 எம்எம் போலத்தான் குறுகலாகக் காட்டும். சின்ன ஹாலில் பின்னால் போய்ப் போய் முதுகு சுவரில் முட்டும். நாலைந்து பேரை நிற்க வைத்து எடுக்க, உருவத்தில் தட்டையாக இருக்கும் 24 எம்எம் எஃப்/2.8 லென்ஸ்தான் சரி. இரண்டையும் வாங்கினாலும் உங்கள் தொகையில் மிச்சம் இருக்கும். குரூப் படத்துக்கு எஃப்/4 வரை மூடிக்கொள்ளுங்கள். 50 எம்எம்மை 1.8-லேயே வைத்து எடுத்தால் முன்வரிசை தெளிவாகவும் பின்வரிசை மங்கலாகவும் வரும்.

கேள்வி (நாகர்கோவில்): நிக்கான் டி5300-க்கு ஒருவர் பழைய 50 எம்எம் எஃப்/1.8டி லென்ஸைக் குறைந்த விலைக்குத் தருகிறார். வாங்கலாமா சார்?

பதில்: வேண்டாம். அந்த லென்ஸுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது, உங்கள் பாடியிலும் கிடையாது. ஒவ்வொரு படத்துக்கும் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டியிருக்கும். ஏஎஃப்-எஸ் (லென்ஸுக்குள்ளேயே மோட்டார் உண்டு) என்று போட்டிருக்கும் 35 எம்எம் எஃப்/1.8ஜி டிஎக்ஸ் பழையது கிடைக்கிறதா என்று தேடுங்கள். டி5300-க்கு அதைவிடப் பொருத்தமான முதல் லென்ஸ் இல்லை என்பது என் கருத்து.

கேள்வி (பாளையங்கோட்டை): அண்ணாச்சி, நான் கூந்தன்குளத்துக்கு அடிக்கடி போவேன். கேனன் 200டி, 55-250. உட்கார்ந்திருக்கும் நாரை சின்னதாக விழுகிறது, பறக்கும் நாரை ஃபோகஸிலேயே விழுவதில்லை. எதை மாற்ற?

பதில்: இது இரண்டு பிரச்சினை. உட்கார்ந்திருப்பது சின்னதாக விழுந்தால் அது லென்ஸின் வேலை. டாம்ரான், சிக்மா இரண்டிலும் 150-600 வருகிறது. இரண்டு கிலோ அளவுக்குக் கனம் இருக்கும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். பறப்பது தப்புகிறது என்றால், லென்ஸ் மாற்றினால் ஓரளவுதான் தேறும். 200டி-யின் வியூஃபைண்டரில் இருப்பது மொத்தம் 9 ஃபோகஸ் புள்ளிகள், அதுவும் நடுவில் குவிந்து கிடக்கின்றன. பறவை கொஞ்சம் விலகினாலும் கேமரா பின்னால் இருக்கும் மரத்தைப் பிடித்துக்கொள்ளும். 2022-இல் வந்த கேனனின் மிரர்லெஸ் ஆர்7 போன்ற பாடிகள் பறவையின் கண்ணையே கண்டுபிடித்துப் பின்தொடர்கின்றன. பாடிக்குச் செலவு செய்வது நியாயம் என்று நான் மனதாரச் சொல்வது இந்த மாதிரி இடத்தில்தான்.

வரிசை என்று கேட்டால் லென்ஸ் முதலில். இஎஃப் மவுண்டில் (உங்கள் 200டி-யில் மாட்டும் இணைப்பில்) வாங்குங்கள். பிறகு ஆர்7-க்குப் போனாலும் அடாப்டர் வைத்து அதே லென்ஸைப் பயன்படுத்தலாம். வாங்கும் முன் அந்த லென்ஸின் ஃபர்ம்வேர் (உள்ளே இருக்கும் மென்பொருள்) ஆர் வரிசை கேமராக்களுக்கு ஒத்துப்போகிறதா என்று கடையில் கேட்டுவிடுங்கள்.

அப்புறம், வெயில் ஏறிய பிறகு குளத்தின் மேல் 600 எம்எம்மில் எடுத்தால் எந்த லென்ஸிலும் படம் நெளிந்துதான் வரும். அது சூடான காற்றின் கோளாறு. அதைப் பார்த்துவிட்டு லென்ஸைக் குறை சொல்லாதீர்கள், காலையில் சீக்கிரம் போங்கள். கூடு கட்டும் மாதங்களில் நெருங்கிப் போக வேண்டாம் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த ஊர்க்காரர்கள் பறவைகளை எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று நேரில் பார்த்திருப்பீர்கள்.

கேள்வி (சேலம்): சார், கல்யாண ஆர்டர் தனியாக எடுக்க ஆரம்பித்திருக்கிறேன். கேனன் 6டி, 24-105, 50 எம்எம் இருக்கின்றன. அடுத்து 70-200 எஃப்/2.8 வாங்கச் சொல்கிறார்கள்.

பதில்: நான் பாடி வாங்கச் சொல்வேன். 6டி-யில் இருப்பது ஒரே ஒரு கார்டு ஸ்லாட். தாலி கட்டும் படம் இருக்கும் கார்டு கெட்டுப்போனால் அந்தக் குடும்பத்துக்கு என்ன பதில் சொல்வீர்கள்? காசு வாங்கி எடுக்கிறவருக்கு, ஒரே படம் ஒரே நேரத்தில் இரண்டு கார்டில் பதிய வேண்டும். கேமராவே நின்றுபோனால் எடுக்க இன்னொரு கேமரா பையில் இருக்க வேண்டும். 6டி அந்த இரண்டாவது கேமராவாக இருக்கட்டும், விற்காதீர்கள். கேனனின் மிரர்லெஸ் ஆர்6 மார்க் 2-இல் இரண்டு ஸ்லாட் உண்டு, உங்கள் லென்ஸ்கள் அடாப்டரில் அப்படியே வேலை செய்யும். 70-200-ஐ முகூர்த்தத்துக்கு மட்டும் நாள் வாடகைக்கு எடுங்கள். மூன்று நான்கு கல்யாணத்துக்குப் பிறகும் அது இல்லாமல் முடியாது என்று தோன்றினால் அப்போது வாங்கிக்கொள்ளலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. மண்டப மேடையில் தொடர்ந்து எடுக்கும் படங்களில் ஒன்று வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாக, மஞ்சளடித்தும் வருவதைக் கவனித்திருப்பீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகின்றன. புதிய பாடிகளில் இதைத் தடுக்கும் வசதி இருக்கிறது, விளக்கு உச்சத்தில் இருக்கும்போது பார்த்து ஷட்டரைத் திறக்கும். அதுவரை 6டி-யில் 1/100 அல்லது 1/50 வைத்து எடுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

கேள்வி (யாழ்ப்பாணம்): அண்ணா, புது லென்ஸ் வாங்கக் கட்டுப்படியாகாது. பழையது வாங்கினால் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் பூஞ்சை. உங்கள் ஊரும் எங்கள் கடற்கரை ஊர்களும் இதில் ஒன்றுதான், ஈரக்காற்றுதான் எதிரி. இரண்டு பக்க மூடியையும் கழற்றி, அப்பெர்ச்சரை (வெளிச்சம் நுழையும் துளையை) முழுதாகத் திறந்து, பின்பக்கத்திலிருந்து ஃபோன் டார்ச்சைச் சாய்வாக அடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள். நாலைந்து தூசி இருந்தால் பரவாயில்லை. சிலந்தி நூல் மாதிரி கிளை கிளையாகத் தெரிந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். அடுத்து, அப்பெர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் பளபளப்பு இருக்கக் கூடாது. மவுண்ட் திருகுகளின் தலை தேய்ந்திருந்தால் யாரோ பிரித்திருக்கிறார்கள் என்று அர்த்தம், ஏன் என்று கேளுங்கள். உங்கள் கேமராவையே கொண்டுபோய் மாட்டி, அகலமாகத் திறந்த அப்பெர்ச்சரில் ஒரு செங்கல் சுவரை எடுத்து நான்கு மூலையையும் பாருங்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால் லென்ஸ் எங்கோ கீழே விழுந்திருக்கலாம்.

வாங்கிய பிறகு துணிப்பையில் போட்டு அலமாரியில் பூட்டிவைக்க வேண்டாம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், முடிந்தால் ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். 40-50 சதவீதத்துக்குள் வைத்துக்கொண்டால் போதும்.

கேள்வி (கோயம்புத்தூர்): சார், என்னிடம் சோனி ஏ6400, 16-50 கிட் லென்ஸ். பயணப் படங்கள்தான் எடுக்கிறேன். ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார் கேமரா) போனால்தான் படம் நன்றாக வரும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சோனியின் ஃபுல் ஃப்ரேம் ஏ7 3 வாங்கலாமா?

பதில்: உங்கள் பாடியில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் தெரியவில்லை அம்மா. ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் பரப்பு உங்களுடையதைப் போல இரண்டே கால் மடங்குக்குச் சற்று அதிகம். இருட்டில் அந்த அளவு லாபம் கிடைக்கும், உண்மைதான். ஆனால் 16-50-ஐ எடுத்துவிட்டு சிக்மா 18-50 எஃப்/2.8 போட்டால், 50 எம்எம்மில் நான்கு மடங்கு வெளிச்சம் கிடைக்கிறது, ஓரங்களும் தெளிவாகின்றன. செலவு ஒரு லென்ஸோடு முடிந்தது. உங்கள் கிட் லென்ஸ் சிறிய சென்சாருக்கானது என்பதால், அதை ஏ7 3-இல் மாட்டினால் 24 மெகாபிக்சலில் 10 அளவுக்குத்தான் மிஞ்சும். ஆகவே லென்ஸையும் புதிதாக வாங்க வேண்டிவரும், பையும் கனக்கும். பயணத்தில் கனமான பை ஹோட்டல் அறையிலேயே தங்கிவிடும்.

கேள்வி (திண்டுக்கல்): சமையல் வீடியோ போடுகிறோம். 1500டி-யில் ஃபோகஸ் போய்ப் போய் வருகிறது. நல்ல லென்ஸ் வாங்கினால் நிற்குமா?

பதில்: நிற்காது. வீடியோவில் ஃபோகஸ் பிடிக்கும் முறை அந்த பாடியில் பழையது, 4கே-யும் கிடையாது. பாடியைத்தான் மாற்ற வேண்டும். அதுவரை கேமராவை ஸ்டாண்டில் வைத்து, வாணலியில் ஒரு முறை ஃபோகஸ் செய்து மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். மைக் தனியாக இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள்.

கேள்வி (மதுரை): அண்ணே, காலேஜ் படிக்கிறேன். 200டி, கிட் லென்ஸ் மட்டும்தான். 5,000 ரூபாய் சேர்த்திருக்கிறேன். மாலை நேரத்தில் கோபுரத்தை எடுத்தால் கிரெயின்ஸ் (புள்ளி புள்ளியாக) வருகிறது.

பதில்: பாடியும் வேண்டாம், லென்ஸும் வேண்டாம். ஆடாத முக்காலி ஒன்று வாங்கு தம்பி. சூரியன் மறைந்து வானம் நீலமாக இருக்கும் நேரத்தில், கோயிலுக்கு வெளியே சித்திரை வீதியில் ஓரமாக நின்று, ஐஎஸ்ஓ 100, எஃப்/8 வைத்து, ஷட்டரை இரண்டு நான்கு நொடிக்கு விடு. லென்ஸில் இருக்கும் ஐஎஸ் (கை ஆட்டத்தை ஈடுகட்டும்) சுவிட்சை அணைத்துவிடு, 2 நொடி டைமர் போடு. எஃப்/8-இல் உன் கிட் லென்ஸ் நன்றாகவே தெளிவு காட்டும். ஜன நடமாட்டம் இழுபடும், அது அழகுதான். காற்று பலமாக அடித்தால் முக்காலியின் நடுத்தண்டை ஏற்றாமல், பையை அதில் தொங்கவிட்டு எடு.