முதுகு வலிக்கு எதற்கு மனச்சோர்வு மாத்திரை?

எட்டு மாதமாக முதுகு வலி. எம்ஆர்ஐயில் டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு) லேசாகத் தேய்ந்திருக்கிறதாம். டாக்டர் துலோக்செட்டின் கொடுத்தார். அது மனச்சோர்வு மாத்திரையாமே! நான் நடிக்கிறேன் என்று நினைக்கிறாரா? – வாசகி, உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

இல்லை. மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கி வலியை அடக்கும் நரம்புப் பாதைக்கு செரோட்டோனின், நோரட்ரினலின் என்ற ரசாயனங்கள் வேண்டும். துலோக்செட்டின் அவற்றைக் கூட்டுகிறது. மனநிலையிலும் அவற்றுக்குப் பங்குண்டு. அதனால்தான் மனச்சோர்வே இல்லாதவருக்கும் நாட்பட்ட முதுகு வலிக்கு இதை எழுதுகிறார்கள். வழக்கமாக 30 மி.கி.யில் தொடங்கி 60க்கு ஏற்றுவார்கள். முதல் ஓரிரு வாரம் குமட்டும். சாப்பாட்டோடு போட்டால் குறையும். நாலாம் நாளே “கேட்கவில்லை” என்று நிறுத்துபவர்கள்தான் அதிகம். பலன் தெரிய 2 முதல் 4 வாரம் பிடிக்கும். பிறகு நிறுத்துவதானாலும் டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான். சட்டென விட்டால் தலை சுற்றும், சிடுசிடுப்பு வரும். டிரமடால் என்ற வலி மாத்திரையும் சாப்பிடுகிறீர்களா? உடனே சொல்லிவிடுங்கள், இரண்டும் சேர்ந்தால் செரோட்டோனின் மிதமிஞ்சிப் போகலாம்.

ஸ்கேன் அறிக்கையைத் திரும்பத் திரும்பப் படிக்காதீர்கள். வலியே இல்லாத 50 வயதுக்காரர்களிலும் சுமார் 80 சதவீதத்தினருக்கு டிஸ்க் தேய்மானம் தெரியும்.

முதுகு சரியானால் மனசும் தானாகத் தேறிவிடாதா? – வாசகர், தெம்பனிஸ்

சிலருக்குத் தேறும். ஆனால் காத்திருப்பது நஷ்டம்: மனம் வாடித் தூக்கம் கெட்டால் மறுநாள் வலி கூடுகிறது, வலி கூடினால் தூக்கம் கெடுகிறது. முதுகுக்கும் மனசுக்கும் சேர்த்தே வைத்தியம் பாருங்கள்.

அப்பாவுக்கு 66. வலி என்று படுத்தவர் காப்பிக்கடைக்குக்கூடப் போவதில்லை. – வாசகி, ஈசூன்

வலியைவிட எனக்கு அந்தக் காப்பிக்கடைதான் உறுத்துகிறது. நம் பெரியவர்கள் “மனசு சரியில்லை” என்று வாய்விட்டுச் சொல்வது அபூர்வம். “சாப்பாடு இறங்கல, அசதியா இருக்கு” என்பார்கள். கடந்த 2 வாரத்தில் பெரும்பாலான நாள்கள் மனம் வாடியிருந்ததா, பிடித்ததில் நாட்டம் போய்விட்டதா என்று கேளுங்கள். ஒன்றுக்கு ஆம் என்றாலும் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப் போங்கள். அரசின் நாட்பட்ட நோய்த் திட்டத்தில் கடும் மனச்சோர்வும் அடக்கம் என்பதால் மெடிசேவ் (மருத்துவச் சேமிப்பு) பணத்தைப் பயன்படுத்தலாம். “போய்ச் சேர்ந்தா தேவல” என்றால் பேச்சுக்குச் சொல்கிறார் என்று விடாதீர்கள்: மனநல உதவி எண்கள் 1767 அல்லது 1771ஐ அழையுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

நடையை இப்படித் தொடங்குங்கள். வலி மிகுந்த நாளிலும் 10 நிமிடம் நடக்க முடிகிறவர் 8 நிமிடத்தில் நிறுத்தட்டும். தினமும் அதே அளவு, புளோக்கின் கீழ்த்தளத்திலேயே போதும். வாரத்துக்கு 1 நிமிடம் கூட்டுங்கள். நல்ல நாளில் ஒரேயடியாக நடந்துவிட்டு இரண்டு நாள் படுப்பதுதான் எல்லாரும் செய்யும் தப்பு.

எப்போது அவசரப் பிரிவு? – வாசகர், பிடோக்

சிறுநீர் கழிக்க முடியவில்லை அல்லது அறியாமல் போகிறது, ஆசனவாயைச் சுற்றி மரத்துவிட்டது, கால்கள் திடீரென வலுவிழந்தன என்றால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். ஆம்புலன்ஸுக்கு 995.