சிலியின் பளிங்குக் குகைகள்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,
பட்டகோனியா போகிறோம். சிலியின் பளிங்குக் குகைகளை ஒரே நாளில் பார்த்துத் திரும்பிவிடலாமா? படங்களில் தெரியும் நீலம் நிஜமா, போட்டோஷாப்பா? இத்தனை பேர் போகும் இடத்துக்கு ஒழுங்கான தார்ச்சாலை கூட இல்லையாமே, என்ன அரசாங்கம் அது?
கா.

அன்புள்ள கா.,

நீலம் நிஜம்தான், ஆனால் பாறையுடையது இல்லை. பனியாறுகள் மலையை அரைத்த நுண்தூள், குகைகள் இருக்கும் ஜெனரல் கரேரா ஏரியில் மிதக்கிறது, வெயில் அதில் பட்டுக் குகையின் கூரையில் ஆடுகிறது, அவ்வளவுதான். பாறை சாம்பலும் வெள்ளையுமாக வரியோடிக் கிடக்கும். படகிலிருந்து கையை நீட்டித் தொட்டால், பிசைந்த மாவில் கட்டைவிரல் பதிந்தது போலச் சுவர் முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள், அலை அரித்தது. ஜனவரியில் போங்கள், அங்கே அதுதான் கோடை.

சாலைக்கு வருகிறேன். கோபமே இதில்தான். 1976-ல் இராணுவத்தை வைத்து வெட்டத் தொடங்கிய கரெதெரா ஆஸ்ட்ரல் என்ற நெடுஞ்சாலை அது, சுமார் 1,240 கி.மீ., பல இடங்களில் சரளைக்கல்தான், அதனால் என்ன? அந்த ஏரியின் நீரைக் கொண்டுபோகும் பேக்கர் ஆற்றிலும் பக்கத்து பாஸ்குவாவிலும் ஐந்து அணைகள் கட்டி, மின்சாரத்தைச் சுமார் 2,000 கி.மீ. வடக்கே கொண்டுபோகத் திட்டம் போட்டார்கள். 2011-ல் அனுமதியும் கிடைத்தது. குகைகள் மூழ்கியிருக்காது, அணைகள் ஆற்றின் கீழ்ப்பக்கம்தான். ஆனாலும் நாடு முழுக்கத் தெருவில் இறங்கினார்கள், 2014-ல் அரசாங்கமே திட்டத்தைத் தூக்கிப் போட்டது. வளர்ச்சி என்று யார் எதைக் கொண்டுவந்தாலும் வாங்கிக்கொள்ளாத ஊரில் போய், எனக்கு ஏன் தார் போடவில்லை என்று கேட்காதீர்கள் ஐயா. சுற்றுலாக்காரனின் இடுப்புவலி ஒரு தேசியப் பிரச்சினை இல்லை.

நான் போனபோது காற்று ஏறிவிட்டது, ஏரிக்கரை ஊரான புவெர்தோ ரியோ திராங்கிலோவில் படகுகளை நிறுத்திவிட்டார்கள். எங்களோடு வந்த ஒருவர் இரட்டிப்புப் பணம் தருகிறேன் என்று பேரம் பேசினார். படகுக்காரப் பெரியவர் ஏரியைக் கையால் காட்டினார், அப்புறம் குனிந்து கயிற்றை இன்னொரு சுற்று இறுக்கிக் கட்டிவிட்டு மாத்தே என்ற மூலிகைத் தேநீர் குடிக்கப் போய்விட்டார். எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

ஒரே நாள் என்றால் வேண்டாம். பால்மசேடா விமான நிலையத்திலிருந்து வந்து சேரவே கிட்டத்தட்ட அரை நாள் போய்விடும். கூடுதலாக இரண்டு நாள் கையில் வைத்துக்கொண்டு, காலைப் படகைப் பிடியுங்கள். மதியத்துக்கு மேல் காற்று எழும்பிவிடும். விசா விவரமெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள், அதற்குப் பயண முகவர் இருக்கிறார்.