தூரம் ஒன்றுதான், போகும்போது 8 மணி நேரம், வரும்போது 7 ஏன்?

கேள்வி: லண்டனிலிருந்து நியூயார்க் 5,540 கி.மீ. என்று இணையத்தில் பார்த்தேன். விமானம் மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் பறந்தால் 6 மணி 10 நிமிடத்தில் போய்விட வேண்டும். டிக்கெட்டில் போக 8 மணி நேரம், திரும்பி வர 7 மணி நேரம் என்று இருக்கிறது. எதை நம்பி அடுத்த விமானத்துக்கு முன்பதிவு செய்வது?

பதில்: டிக்கெட்டையே நம்புங்கள். உங்கள் கணக்கு சரிதான், ஆனால் அதில் காற்று இல்லை.

இந்தப் பாதையில் சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் வீசுகிறது. குளிர்காலத்தில் அதன் வேகம் மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டுவது சாதாரணம். வழி நெடுக சராசரியாக 100 கி.மீ. எதிர்காற்று என்றே வையுங்கள். தரையைக் கணக்கில் கொண்டால் விமானம் நகர்வது 800 கி.மீ. வேகத்தில்தான், பறக்க மட்டும் ஏறக்குறைய 7 மணி நேரம். அதே காற்று திரும்பும்போது பின்னாலிருந்து தள்ளினால் ஐந்தரை மணி நேரம். 2020 பிப்ரவரியில் சியாரா புயல் சமயத்தில் நியூயார்க்கிலிருந்து கிளம்பிய ஒரு போயிங் 747, 4 மணி 56 நிமிடத்தில் லண்டனில் இறங்கியது.

பூமி சுற்றுவதால்தான் இந்த வித்தியாசம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பூமியோடு சேர்ந்து காற்று மண்டலமும் சுற்றுகிறது, விமானம் பறப்பது அந்தக் காற்றுக்குள்தான்.

அப்புறம், 5,540 கி.மீ. என்பது உருண்டையின் மேல் நூலை இழுத்துப் பிடித்தால் கிடைக்கும் மிகக் குறுகிய தூரம். விமானம் அப்படியே அதன் மேல் போவதில்லை. அட்லாண்டிக்கைக் கடக்கும் பாதைகளைக் காற்றைப் பார்த்துத் தினமும் புதிதாக வகுக்கிறார்கள். சில நேரம் வான்வெளி மூடப்படுவதே பெரிய சுற்றாகிவிடும்: 2022இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பின் ஒன்பதரை மணி நேரமாக இருந்த ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் 13 மணி நேரத்தை எட்டியது.

டிக்கெட்டில் உள்ள நேரம் விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி, போய்ச் சேர்ந்த இடத்தில் நிற்பதோடு முடிகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, இறங்க இடம் கிடைக்கும்வரை வட்டமடிப்பது எல்லாம் அதில் அடங்கும். நெரிசல் மிகுந்த நிலையங்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே சேர்த்துப் போடுவார்கள். விமானி "இருபது நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டோம்" என்று அறிவிக்கும் ரகசியம் பெரும்பாலும் இதுதான்!

கிளம்பும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊர்க் கடிகாரப்படி இருக்கும். காலை 11க்குக் கிளம்பி மதியம் 2க்கு நியூயார்க் சேர்வது 3 மணி நேரப் பயணம் அல்ல. 5 மணி நேர வித்தியாசத்தைக் கூட்டினால் 8. இதிலும் ஒரு சிக்கல்: கோடை நேரத்துக்குக் கடிகாரத்தை மாற்றும் தேதி இரு நாடுகளிலும் ஒன்றல்ல. அதனால் மார்ச்சில் இரண்டு மூன்று வாரமும், அக்டோபர் கடைசியில் ஒரு வாரமும் வித்தியாசம் 4 மணி நேரம்தான்.

டிக்கெட் எடுக்கும் முன் தோராயமாகத் தெரிந்தால் போதும் என்றால், தூரத்தை 850ஆல் வகுத்து முக்கால் மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். இந்த மாதிரி நீண்ட கிழக்கு–மேற்குப் பயணமானால் மேற்கே போக அரை மணி கூட்டி, கிழக்கே வர அரை மணி கழியுங்கள். இணைப்பு விமானத்துக்கு மட்டும் இந்தக் கணக்கு வேண்டாம். அட்டவணையில் போட்டிருக்கும் சேரும் நேரத்திலிருந்தே எண்ணுங்கள்.