காகிதமாகும் கரும்புச் சக்கை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மரம் கிடைக்கும் மலையோரத்தை விட்டுவிட்டுப் புகளூரில் காகித ஆலை அமைத்தது ஏன்? (வாசகர், குளித்தலை)

பதில்: மரத்தை நம்பாமல் தொடங்கிய ஆலை அது. தமிழக அரசு 1979இல் டி.என்.பி.எல். என்னும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தைத் தொடங்கியபோதே கரும்புச் சக்கைதான் முதன்மை மூலப்பொருள் என்று முடிவாகிவிட்டது. உலக வங்கியும் கடன் கொடுத்தது. சக்கைக்குச் சர்க்கரை ஆலை வேண்டும், கூழுக்குத் தண்ணீர் வேண்டும். காவிரிக் கரையில் இரண்டும் இருந்தன. 1984இல் ஆண்டுக்கு 90,000 டன் திறனோடு உற்பத்தி ஆரம்பித்தது. 1990களின் நடுவில் இரண்டாவது இயந்திரம் வந்தது. 2011இல் மூன்றாவதும் சேர்ந்து திறன் 4 லட்சம் டன்னானது.

கேள்வி: சக்கையை எரித்துத்தானே சர்க்கரை ஆலை ஓடுகிறது? அதை எப்படி விட்டுக்கொடுத்தார்கள்? (வாசகர், மோகனூர்)

பதில்: பண்டமாற்றுதான். ஒரு டன் கரும்பை ஆட்டினால் சுமார் 300 கிலோ ஈரச் சக்கை மிஞ்சும். ஒரு டன் ஈரச் சக்கையை எரித்தால் ஏறக்குறைய 2 டன் நீராவி கிடைக்கும். அந்த நீராவிக்கு ஈடு கொடுக்காமல் சக்கையைக் கேட்க முடியாது. ஆகவே சர்க்கரை ஆலை வளாகத்திலேயே நிலக்கரிக் கொதிகலன் அமைத்து, நீராவியைக் கொடுத்துச் சக்கையை வாங்கினார்கள். இந்த ஆலையின் வரலாற்றில் இயந்திரங்களைவிட இந்த ஏற்பாடே பெரிய சாதனை என்பது எங்கள் கருத்து. ஒரு டன் வெளுத்த கூழுக்கு 6 டன் அளவுக்கு ஈரச் சக்கை போகிறது. ஏற்பாடு பிசகினால் ஆலை நின்றுவிடும்.

கேள்வி: கரும்பு அரவை சில மாதங்கள்தான். ஆண்டு முழுவதற்கும் சக்கையைச் சேர்த்து வைத்தால் கெட்டுப்போகாதா? (வாசகி, பவானி)

பதில்: சும்மா குவித்தால் கெடும். சக்கையில் 2 முதல் 3 விழுக்காடு சர்க்கரை தங்கியிருக்கும். காற்றும் ஈரமும் பட்டால் அது புளித்துச் சூடேறும். சக்கை பழுப்பேறி நார் வலுவிழக்கும். குவியலின் நடுவில் தானாகவே தீப்பிடிக்கவும் கூடும். அதற்காகத்தான் ஈரமாகவே சேமிக்கிறார்கள். சக்கையைத் தண்ணீரில் கலந்து, சுமார் 3 விழுக்காடு திடப்பொருள் உள்ள குழம்பாக்கி, வடிகால் உள்ள கான்கிரீட் தளத்தின் மேல் பம்பு செய்து கொட்டுவார்கள். வடியும் நீரே திரும்பச் சுற்றும். குவியல் தன் எடையாலேயே அமுங்குவதால் உள்ளே காற்று புகாது; அங்கே உண்டாகும் லாக்டிக் அமிலம் மற்ற நுண்ணுயிர்களை அடக்கும். மேற்பரப்பு காய்ந்தால் அங்கிருந்துதான் கேடு தொடங்கும் என்பதால் தண்ணீர் தெளிப்பதை நிறுத்தக் கூடாது.

சக்கை கழுவிய நீரில் கரிமப் பொருள் அதிகம். காற்றில்லாத தொட்டியில் அதை நொதிக்கவிட்டு, வரும் மீத்தேனைச் சுண்ணாம்புச் சூளையில் எரிக்கிறார்கள். அந்த அளவுக்கு உலை எண்ணெய் மிச்சம்.

கேள்வி: எங்கள் பள்ளியில் கரும்புச் சக்கையில் செய்த தாள் மொடமொடவென்று, புள்ளி புள்ளியாக வருகிறது. என்ன தவறு? (ஆசிரியை, நாமக்கல்)

பதில்: பித் எனப்படும் பஞ்சுப் பகுதியை நீக்கியிருக்க மாட்டீர்கள். சக்கையில் ஏறத்தாழ 30 விழுக்காடு அதுதான். வேகவைக்கச் சேர்க்கும் ரசாயனத்தை உறிஞ்சிக்கொள்ளும், சல்லடைக் கண்ணை அடைக்கும், தாளில் புள்ளியாக நிற்கும். ஆலையில் இதைச் சுத்தியல் இயந்திரத்தில் அடித்துப் பிரித்து, கொதிகலனுக்கு எரிபொருளாக அனுப்புகிறார்கள். நீங்கள் உலர்ந்த சக்கையை இடித்து, அகலக் கண் சல்லடையில் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் பித் கீழே போய்விடும்.

மிஞ்சிய நாரை உலர்த்தி எடைபோட்டு, கிலோவுக்கு 120 கிராம் காஸ்டிக் சோடா, 8 லிட்டர் தண்ணீர் சேர்த்து, எவர்சில்வர் பாத்திரத்தில் 3 மணி நேரம் வேகவையுங்கள். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. சோடா அதை அரித்துவிடும். தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் அணிந்து பெரியவர்களே செய்ய வேண்டிய வேலை இது. பிறகு நீர் தெளியும்வரை அலசுங்கள். மொடமொடப்புக்குக் காரணம் கூழை அதிக நேரம் அரைத்ததுதான்: சக்கை நார் சீக்கிரம் குழைந்துவிடும். அரைப்பைக் குறைத்து, பருத்தித் துணிக்கூழ் மூன்றில் ஒரு பங்கு சேர்த்தால் தாள் வளையும், கிழியாது.

கேள்வி: காகித ஆலைக்கு சிமெண்ட் ஆலை எதற்கு? (வாசகர், கரூர்)

பதில்: சக்கையில் சிலிக்கா அதிகம். கூழ் வேகவைத்த காஸ்டிக் சோடாவைச் சுண்ணாம்பு சேர்த்து மீட்கும்போது மிஞ்சும் சுண்ணாம்புச் சேற்றில் அது சேர்ந்துகொண்டே போவதால் சேறு முழுவதையும் திரும்பத் திரும்பச் சூளையில் இட முடியாது. சிமெண்டுக்கோ சுண்ணாம்பும் சிலிக்காவும் இரண்டுமே தேவை. கொதிகலனின் நிலக்கரிச் சாம்பலும் அதிலேயே செலவாகிவிடுகிறது.