'அஸ்தூரியாஸ்' எந்த ஊர்ச் சரக்கு?

கேள்வி: என் மகன் கிட்டார் வகுப்பில் 'அஸ்தூரியாஸ்' பயில்கிறான். ஸ்பெயினின் தேசிய இசைக்கு அதுதான் உதாரணம் என்கிறார் ஆசிரியர். விசாரித்தால், அதை எழுதிய அல்பேனிஸ் பல வருடம் வெளிநாட்டில் இருந்தவர், எழுதியதும் பியானோவுக்கு! வெளிநாட்டில் உட்கார்ந்து செய்ததைத் தேசிய இசை என்பது ஏமாற்று வேலை இல்லையா? (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: ஏமாற்று வேலை நடந்தது உண்மைதான். ஆனால் நீங்கள் பிடித்திருப்பது தப்பான ஆளை. அல்பேனிஸ் அந்தத் துண்டுக்கு வைத்த பெயர் வெறும் 'பிரெலூட்', அதாவது முன்னிசை. ஊர்ப் பெயர்களில் எட்டுத் துண்டுகள் எழுதப் போவதாகச் சொல்லி நான்கோடு நிறுத்தியிருந்தார். 1909இல் அவர் இறந்த பிறகு, ஒரு பதிப்பாளர் காலியிடங்களில் கைக்குக் கிடைத்ததைப் போட்டு நிரப்பினார். 'அஸ்தூரியாஸ்' என்ற தலைப்பின் கீழ் இது போய் உட்கார்ந்தது அப்படித்தான். அஸ்தூரியாஸ் வடக்கே மழை கொட்டும் மலைநாடு. இந்த இசையோ தெற்கே ஆந்தலூசியாவின் ஃபிளமெங்கோ, கிட்டாரும் பாட்டும் ஆட்டமும் சேர்ந்த இசை.

சரி, பியானோ. மகன் வாசிக்கும்போது அவன் வலது கையைக் கவனியுங்கள். கட்டைவிரல் கீழ்ச் சுரங்களில் மெட்டைச் சொல்லும். இடையிடையே, விரல் வைக்காத இரண்டாம் கம்பியில் ஒரே சுரம் விடாமல் விழுந்துகொண்டிருக்கும். கிட்டார்காரர்களின் இந்த வித்தையைத்தான் அல்பேனிஸ் இரு கைகளையும் மாற்றி மாற்றி விழவைத்துப் பியானோவில் கொண்டுவந்தார். அது மறுபடி கிட்டாருக்கு வந்ததை நான் பிறந்த வீட்டுக்கு வந்ததாகத்தான் நினைக்கிறேன்.

வெளிநாட்டு விஷயத்துக்கு வருவோம். நாட்டுப்பாடலிலும் பழைய தேவாலய இசையிலுமிருந்து ஸ்பெயின் தன் இசையைக் கட்ட வேண்டும் என்று 1891இல் அறிக்கை விட்டவர் பெட்ரெல் என்ற ஸ்பானிய இசையமைப்பாளர். அவருடைய சொந்தப் படைப்புகளை இன்று வாசிப்பார் அரிது. காரியத்தைச் செய்து காட்டியவர்கள் அவரை குருவாகக் கொண்ட அல்பேனிஸ், கிரனாடோஸ், ஃபாயா மூவரும். இதில் ஃபாயா 1907 முதல் 1914 வரை பாரிஸில் இருந்தார். அங்கே பிரெஞ்சு இசையமைப்பாளர் தெபுஸி, ஸ்பெயின் மண்ணில் சில மணி நேரம் மட்டுமே கால் வைத்தவர், 1903இலேயே ஆந்தலூசிய நகரமான கிரனாதாவின் மாலைப்பொழுதைப் பியானோவில் எழுதியிருந்தார். நாட்டுப்பாடலிலிருந்து ஒரு வரிகூட எடுக்கவில்லை; தாளத்தின் நடையையும் கிட்டாரின் சாயலையும் மட்டும் பிடித்திருந்தார். ஆந்தலூசியாவின் காதிஸில் பிறந்த ஃபாயா அதைக் கேட்டுச் சொக்கிப் போனார், எழுத்திலும் பாராட்டினார். ஊர்க்காரரே ஒப்புக்கொண்ட பிறகு நீங்களும் நானும் பாஸ்போர்ட்டைச் சோதிப்பானேன்?

உங்கள் சந்தேகத்தை வேறொரு இடத்தில் வைத்திருந்தால் நானும் கூடச் சேர்ந்திருப்பேன். ஆந்தலூசியாவை மட்டும் காட்டி இதுதான் மொத்த ஸ்பெயின் என்று விற்றார்களே, அந்த இடத்தில். 1875இல் ஆந்தலூசியாவில் நடக்கும் 'கார்மென்' என்ற இசை நாடகத்தை (ஓபரா) எழுதிய பிரெஞ்சுக்காரர் பிஸே ஸ்பெயினுக்குப் போனதே இல்லை. அதன் பின் காஸ்டனெட் (கையில் தட்டும் சிறு கட்டைத் தாளம்) சத்தம் இல்லாவிட்டால் அது ஸ்பெயினே இல்லை என்று ஆகிவிட்டது. அல்பேனிஸே வடகிழக்கிலுள்ள கத்தலோனியாக்காரர்தான், ஆனால் அவர் மனம் முழுக்கத் தெற்கில் கிடந்தது.

ஃபாயா பிற்பாடு இதிலிருந்து நழுவிக்கொண்டார். 1926இல் அரங்கேறிய அவருடைய ஹார்ப்சிகார்டு (பியானோவுக்கு முந்தைய விசைக் கருவி) கான்செர்டோவில் அந்த வாத்தியத்துக்குத் துணையாக ஐந்தே வாத்தியங்கள். உள்ளே 16ஆம் நூற்றாண்டுப் பாட்டு ஒன்றின் மெட்டு. வறண்ட, எலும்பு தெரியும் இசை. சுற்றுலாப் போஸ்டருக்கு உதவாது. எனக்கு அவர் எழுதியதில் அதுதான் உச்சம்.

நிஜ அஸ்தூரியாஸ் வேண்டுமென்றால், ஃபாயா 1914இல் பியானோத் துணையோடு அமைத்த ஏழு நாட்டுப்பாடல்களில் 'அஸ்தூரியானா'வைக் கேளுங்கள். ஆறுதல் தேடி ஒருவர் பச்சைப் பைன் மரத்தில் போய்ச் சாய்கிறார். அவர் அழுவதைப் பார்த்து மரமும் அழுகிறது. அவ்வளவுதான் பாட்டு. கிட்டார் ஆசிரியருக்கும் ஒருமுறை போட்டுக் காட்டுங்கள்.