காய்ச்சலுக்குப் பின் குறைந்த விந்தணு: அந்த ரிப்போர்ட் இறுதித் தீர்ப்பா?

கேள்வி: வயது 29. ஊர் பாலக்கோடு, ஓசூரில் தொழிற்சாலை வேலை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பொன்னுக்கு வீங்கி வந்தபோது வலது விதையும் வீங்கி வலித்தது. திருமணமாகி ஒன்றரை ஆண்டாகிறது, குழந்தை இல்லை. டெங்கு காய்ச்சல் விட்டு ஐந்து வாரத்தில் எடுத்த விந்துப் பரிசோதனையில் ஒரு மில்லிலிட்டருக்கு 60 லட்சம் அணுக்கள்தான். எனக்குக் குழந்தை பிறக்குமா?

பதில்: முதலில் அந்த ரிப்போர்ட்டை மடித்து வையுங்கள். 1.6 கோடிக்கு மேல் இருக்க வேண்டிய எண்ணிக்கை உங்களுக்குக் குறைவுதான். ஆனால் எடுத்த நேரம் சரியில்லை. ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள் ஆகும். முதிர்ந்து வெளிவர இன்னும் ஓரிரு வாரம். உடல் சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ந்த இடம் வேண்டும் என்பதால்தான் விதைகள் உடலுக்கு வெளியே இருக்கின்றன. நாலைந்து நாள் காய்ச்சல் கொதித்தால், அது எந்தக் காய்ச்சலானாலும், அப்போது வளர்ந்துகொண்டிருந்த அணுக்கள் அடிபடும். நீங்கள் எண்ணிப் பார்த்தது அவற்றைத்தான். காய்ச்சல் விட்டு மூன்று மாதம் கழித்து, இரண்டு முதல் ஏழு நாள் உறவைத் தவிர்த்து, மறுபடி எடுங்கள். சில வார இடைவெளியில் இன்னொன்றும் எடுத்தால்தான் நம்பலாம்.

பொன்னுக்கு வீங்கியைச் சாதாரணமாக விட முடியாது. பருவம் வந்த ஆண்களில் நூற்றுக்கு 15 முதல் 30 பேருக்கு அது விதையைத் தாக்குகிறது. விதையைச் சுற்றியுள்ள உறை விரிந்து கொடுக்காது. உள்ளே வீங்கும்போது அழுத்தத்தில் அணு உற்பத்திக் குழாய்கள் நசுங்கும், பிறகு விதை சிறுத்தும் போகலாம். பெரும்பாலும் ஒரு பக்கம்தான் பாதிக்கும், உங்களுக்கும் அப்படியே. நல்ல நிலையில் உள்ள மற்றொரு விதை பலருக்குப் போதுமானதாக இருக்கிறது. இரண்டு பக்கமும் பாதித்தவர்களில்கூட முழு மலட்டுத்தன்மை அரிது.

நம் பக்கத்தில் கன்னம் வீங்கினால் கழுத்தில் தங்கச் சங்கிலி போடுவார்கள், வேப்பிலை அரைத்துப் பூசுவார்கள். அதில் கெடுதல் இல்லை. கீழே வீங்கியதை மட்டும் பையன்கள் வெட்கப்பட்டு மறைக்கிறார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திடீரென ஒரு விதை வலித்தால் அது முறுக்கிக்கொண்டதாகவும் இருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் அறுவை செய்யாவிட்டால் விதையையே இழக்க நேரிடலாம். உங்கள் தம்பிமார்களிடம் இதைச் சொல்லுங்கள்.

காத்திருக்கும் மூன்று மாதத்தில் ஆண்மைப் பொடி எதுவும் வாங்காதீர்கள். உடற்பயிற்சிக் கூடத்தில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி தந்தால் மறுத்துவிடுங்கள்; அது அணு உற்பத்தியையே நிறுத்திவிடக்கூடியது. வேலை உலைப் பக்கம் என்றால் வேறு பிரிவு கேட்டுப் பாருங்கள்.

பெங்களூருக்குக் கிளம்பும் முன் தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டலாம். விதையைத் தொட்டுப் பார்த்து, ஸ்கேனும் ஹார்மோன் ரத்தப் பரிசோதனையும் எழுதித் தருவார்கள். மனைவியையும் கூட்டிச் செல்லுங்கள், அவருக்கும் பரிசோதனை வேண்டும். ஆனால் விதை வீங்கிய கதையை உங்கள் வாயால் சொல்லுங்கள். இத்தனை நாள் ஊர்க் கேள்விக்கெல்லாம் அவர் ஒருவரே பதில் சொல்லியிருப்பார்.