நாயைப் பத்து நாள் பார்த்துவிட்டு ஊசி போடலாமா?
ஏற்காட்டுக் காபித் தோட்டத்தில் ஒருவரை நாய் கடித்தால், அந்த நாயை 10 நாள் கவனித்த பிறகு ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) தடுப்பூசி போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது, ஊசியை அன்றே தொடங்கிவிட்டு, நாயையும் கவனிப்பதே முறை. முதலில் ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் காயத்தை 15 நிமிடம் கழுவ வேண்டும். ஆனால் கழுவாமல் காயத்தில் சுண்ணாம்பை அப்பிக்கொண்டு மலையிறங்கி வருவது இன்னும் நின்றபாடில்லை. அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் தடுப்பூசி 0 (முதல் ஊசி போடும் நாள்), 3, 7, 28 ஆகிய நாட்களுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. தோல் கிழிந்து இரத்தம் கசிந்திருந்தால், வைரஸ் நரம்பைப் பற்றுமுன் அங்கேயே அதை முடக்கும் இம்யூனோகுளோபுலினையும் (ஆயத்த எதிர்ப்புப் புரதம்) காயத்தைச் சுற்றிச் செலுத்த வேண்டும். ஊரளவில் தீர்வு, நாய்களுக்கான தடுப்பூசிதான்: 70 விழுக்காடு நாய்களுக்குப் போட்டால் பரவல் அறுபடும், ஆனால் பழைய நாய்கள் இறந்து புதுக்குட்டிகள் பிறந்துகொண்டே இருப்பதால், ஆண்டுதோறும் போடாவிட்டால் அந்த அளவு சரிந்துவிடும்.